இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சி: பிரிட்டிஷ் சமூக யதார்த்தப் பாணியில் எடுப்பது எப்படி?

திரை கறுப்பு. வெள்ளை எழுத்தில் பெயர்கள் வந்து போகின்றன. ஓர் ஆணின் குரலும் ஒரு பெண்ணின் குரலும் மட்டும் கேட்கின்றன. துணையில்லாமல் ஐம்பது மீட்டருக்கு மேல் நடக்க முடியுமா, சட்டைப் பைக்குள் எதையாவது வைக்கிற மாதிரி கையைத் தூக்க முடியுமா என்று அந்தப் பெண் படிவத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போகிறார். என் கோளாறு நெஞ்சில், அதைப் பற்றிக் கேளுங்கள் என்கிறார் அந்த ஆண். படிவம் மசியவில்லை. அடுத்த கேள்வி வருகிறது.

கென் லோச் 2016-இல் இயக்கிய ‘ஐ, டேனியல் பிளேக்’ இப்படித்தான் தொடங்குகிறது. மாரடைப்பு வந்த நியூகாசில் தச்சர் ஒருவரின் கதை. ஒரு முகம்கூட வரவில்லை, அதற்குள் நமக்கு அவரைப் பிடித்துவிடுகிறது, அந்தப் படிவத்தின் மேல் கோபமும் வந்துவிடுகிறது. செலவு என்று பார்த்தால் இரண்டு நடிகர்கள், ஒரு மைக்.

மீடியா ஸ்டடீஸ் மாணவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். மேல்நிலைப் பள்ளிப் படிப்பான கேம்பிரிட்ஜ் ஏ.எஸ். பாடத்திட்டத்தில் புதிய கதைப்படம் ஒன்றின் தொடக்கத்தை டைட்டிலோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் எடுக்கும் பணி உண்டு. அதற்குச் சமூக யதார்த்தத்தை, அதாவது சாதாரண உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பூச்சில்லாமல் காட்டும் பாணியை, தேர்ந்தெடுக்கும் குழுக்கள் நிறைய. கையில் காசு இல்லாதபோது எடுக்கத் தோதான பாணி என்பது உண்மைதான். ஆனால் முதலில் கெட்டுப்போவதும் இதுதான். வறுமையைக் காட்டப் போகிறோம் என்று கிளம்பினால் சாம்பல் வானமும் உடைந்த ஜன்னலும்தான் கிடைக்கும். ஒரு ஆளுக்கு இன்றைக்கு, இந்த மணி நேரத்தில் என்ன தேவை என்று கேட்டால் படம் கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வதற்கான வழிகள்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது

1956 பிப்ரவரியில் லண்டன் நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் லிண்ட்சே ஆண்டர்சன், காரெல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன், லொரென்சா மட்செட்டி ஆகியோர் தங்கள் குறும்படங்களை ‘ஃப்ரீ சினிமா’ என்ற பெயரில் ஒன்றாகத் திரையிட்டார்கள். அதுவரை பிரிட்டிஷ் படங்களில் தொழிலாளி என்றால் சிரிப்புக்கு வருகிற ஆள், இல்லையென்றால் ஓரத்தில் நிற்கிற ஆள். இவர்கள் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினார்கள். 1960-இல் ரைஸ் எடுத்த ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில், லேத் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞனிடம் தொடங்கியது. 1966-இல் வீடிழந்த குடும்பத்தைப் பற்றி லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’ பி.பி.சி.யில் ஒளிபரப்பாகி நாடே பேசியது. 1969-இல் அவருடைய ‘கெஸ்’. அப்புறம் மைக் லீ, ஆலன் கிளார்க், லின் ராம்சே, ஷேன் மெடோஸ், ஆண்ட்ரியா ஆர்னால்ட் என்று இயக்குநர்கள் வந்தார்கள். உங்கள் விளக்கக் கட்டுரைக்கு இந்த வரிசை போதும். படமெடுக்க வேறு வகைப் படிப்பு வேண்டும்.

கையில் கடிகாரத்தோடு பாருங்கள்

முழுப் படங்களைப் பிறகு பாருங்கள். முதலில் நான்கு படங்களின் தொடக்கத்தை மட்டும், ஒவ்வொன்றையும் மூன்று முறை. ஒருமுறை சும்மா. ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு.

‘கெஸ்’: பார்ன்ஸ்லி சுரங்க ஊர், இருட்டு அறை, ஒரே கட்டிலில் அண்ணனும் தம்பியும். அலாரம் அடிக்கிறது. அண்ணன் சுரங்கத்துக்குப் போக வேண்டும், எழுந்திருக்க மனமில்லை. வீடு எவ்வளவு சிறியது, அடுத்து இந்தத் தம்பிக்கு என்ன காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கட்டிலிலேயே இருக்கிறது.

‘ஃபிஷ் டேங்க்’ (2009): முதலில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு நீலச் சுவர் முன் குனிந்து நிற்கும் மியா. காலியான ஃபிளாட்டில் தனியாக நடனம் பழகிவிட்டு நிற்கிறாள். அவளுக்கு ஒரு ஆசை இருக்கிறது, அதற்காக அவள் உடம்பு வலிக்க உழைக்கிறாள் என்று நமக்குத் தெரிந்த பிறகுதான் அவள் ஊரோடு போடும் சண்டைகள் வருகின்றன. இந்த வரிசையைக் கவனியுங்கள். சண்டை முதலில் வந்திருந்தால் அவள் இன்னொரு முரட்டுப் பெண், அவ்வளவுதான்.

‘ரேட்கேட்சர்’ (1999): ஒரு பையன் ஜன்னல் திரையைத் தன் மேல் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சுழல்கிறான். ஸ்லோ மோஷன். பார்க்க அவ்வளவு அழகு. படீரென்று அம்மாவின் அடி விழுகிறது. 1973-ஆம் ஆண்டு, குப்பை அள்ளுவோரின் வேலைநிறுத்தக் காலத்து கிளாஸ்கோ. யதார்த்தம் என்றால் அழகே கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

‘திஸ் இஸ் இங்கிலாந்து’ (2006) பழைய செய்திப் படத் துண்டுகளோடு தொடங்கும்: பிரதமர் தாட்சர், ஃபாக்லாந்து போர், 1980-களின் தெருக்கள். பாருங்கள், ரசியுங்கள், ஆனால் நகல் எடுக்காதீர்கள். பள்ளிப் பணிகளில் பெரும்பாலும் எல்லாக் காட்சியையும் நீங்களே எடுத்திருக்க வேண்டும்.

ஒரு ஆள், ஒரு மணி நேரம், ஒரு தேவை

காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள். யார்? மணி என்ன? இப்போது என்ன வேண்டும்? மூன்றாவது வரியில் ‘நல்ல வாழ்க்கை’, ‘அங்கீகாரம்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். கைக்கு எட்டுகிற பொருளாக இருக்க வேண்டும்.

என் உதாரணம் இது. லியா, வயது 15. டிசம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றே முக்கால். வேண்டியது: ஒரு பவுண்டு அறுபது பென்ஸ்.

எதற்கு அந்தக் காசு? பிரிட்டனில் பல வீடுகளில் மின்சாரத்துக்கு முன்பணம் கட்டும் மீட்டர் இருக்கிறது. பழைய வகை மீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் சாவி உண்டு. அதை மூலைக்கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் ஏற்றி, திரும்ப வந்து மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் கொஞ்சம் அவசரக் கடன் கிடைக்கும். அதுவும் தீர்ந்தால் வீடு இருட்டு. வாங்கிய கடனை அடுத்த முறை ஏற்றும் பணத்தில் கழித்துக்கொள்வார்கள். வறுமை எப்படி வேலை செய்கிறது என்று விளக்க இதைவிடச் சிறிய, இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிறது, குளோசப்பில் தெளிவாகத் தெரிகிறது, யாரும் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை.

முதலில் இந்தக் காட்சியை இரவில்தான் யோசித்தேன். பல நிறுவனங்கள் இரவிலும் வார இறுதியிலும் மின்சாரத்தை நிறுத்துவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் மாலைக்கு மாற்றினேன். இதுமாதிரி விவரம் தப்பினால் அந்த மீட்டரோடு வாழ்பவர் அடுத்த நொடியே உங்கள் படத்தை நம்புவதை நிறுத்திவிடுவார். மாற்றியதில் ஒரு லாபமும் கிடைத்தது: டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வீட்டுக்குள் விளக்கு போகும் நேரமும் வெளியே வெளிச்சம் போகும் நேரமும் ஒன்றாகிவிட்டன.

தேய்ந்த பொருட்களை வெளியே எடுத்து வையுங்கள்

தொப்பி வைத்த ஜாக்கெட்டை முகம்வரை இழுத்துவிட்ட பையன், ஊசி, கத்தி, குடிகார அப்பா, பியானோ இசை, நீலம் கலந்த சாம்பல் நிறம். மாணவர் படங்களில் பத்தில் எட்டு இவற்றால்தான் நிரம்புகின்றன. இவையெல்லாம் நிஜத்தில் இல்லை என்று சொல்லவில்லை. படங்களிலிருந்து எடுத்த படங்கள் இவை, அதுதான் கோளாறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு ஒரு கவுன்சில் குடியிருப்பின் (உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடுகள்) முற்றத்தில் கேமரா வைத்திருந்தோம். குப்பைத் தொட்டிகளைச் சட்டகத்துக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு வயதான பெண்மணி இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. “அந்தத் தொட்டி அங்கே இருக்காதே கண்ணு, அதை ஏன் அங்கே வைக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வாசலில் ஆறு பூச்சட்டிகள் வரிசையாக இருந்தன. அதை நாங்கள் ஒரு ஷாட்கூட எடுத்திருக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் குழுவுக்கும் ஒரே விதி: லொகேஷனில் எதையும் அழுக்காக்கக் கூடாது, எதையும் உடைந்ததாகக் காட்டக் கூடாது. இருப்பதை எடுங்கள். லியாவின் வீடு சுத்தமாக இருக்கும். பெரும்பாலான வீடுகள் அப்படித்தான்.

ஸ்கிரிப்டும் ஷாட் பட்டியலும்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. இந்தப் பாணியில் வசனம் குறைவு, ஒன்றேகால் பக்கம் எழுதினாலே இரண்டு நிமிடம் வந்துவிடும். ஷாட்டுகள் பதினைந்தைத் தாண்ட வேண்டாம். என் உதாரணத்தை முழுதாக விரித்துக் காட்டுகிறேன்.

கறுப்புத் திரையில் மைக்ரோவேவ் ஓடும் சத்தம். ஒரு சிறுவன் தலைகீழாக எண்ணுகிறான், முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது. வெள்ளை எழுத்தில் முதல் இரண்டு பெயர்கள். சத்தம் சட்டென்று நிற்கிறது. அவன் இன்னும் இரண்டு எண் சொல்லிவிட்டு நிறுத்துகிறான். இதற்கு இருபது வினாடி.

இப்போதுதான் படம். இருண்ட மைக்ரோவேவ் கதவு முன் ஆறு வயதுத் தம்பியின் முகம், பக்கவாட்டில். பயமில்லை. பழக்கப்பட்ட முகம். பின்னால், ஃபோகஸ் விலகி மங்கிய இடத்தில், பள்ளிச் சீருடையோடு லியா நடந்து போகிறாள்.

வாசல் பக்கத்து அலமாரி. வாயில் ஃபோனைக் கடித்துக்கொண்டு அதன் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்க்கிறாள். சாவியைச் செருகி எடுக்கிறாள். மீட்டரின் எண் நமக்குத் தெரிய வேண்டாம், அவள் தோள் இறங்குவது தெரிந்தால் போதும். அம்மாவின் கோட்டுப் பைகள், சோஃபாவின் இடுக்கு, ஒரு பழைய கோப்பை. சில்லறை உள்ளங்கையில். கதவை யாருக்கும் திறக்காதே என்கிறாள். அம்மா எப்போ வருவாங்க என்கிறான் தம்பி. அவள் ஷூ கயிறு கட்டுகிறாள். பதில் இல்லை.

நீளமான வராந்தா, படிக்கட்டு, முற்றம். ஒரே ஷாட், பின்னாலிருந்து, கையில் பிடித்த கேமரா, இருபத்தைந்து வினாடி. இங்கேதான் மற்றப் பெயர்கள் வரும். ஓடுகிறாளா நடக்கிறாளா? ஓட வேண்டும்போல் இருந்தும் நடக்கிறாள், ஏனென்றால் அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். இந்த ஒரு குறிப்பை நடிகையிடம் சொன்னால் போதும்.

கடை. கவுண்டரில் கைப்பட எழுதிய தாள்: சாவிக்குக் குறைந்தது ஐந்து பவுண்டு. அவளிடம் மூன்று நாற்பதுதான், ஒன்று அறுபது குறைகிறது. கடைக்காரருக்கு அவளைத் தெரியும். அம்மா எப்படி இருக்கிறார் என்று அன்பாகத்தான் கேட்கிறார். நல்லா இருக்காங்க என்று சொல்லிச் சில்லறையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள்.

வெளியே இருட்டிவிட்டது. எதிரே பொரித்த கோழி விற்கும் கடையில் அவள் வகுப்புப் பிள்ளைகள், வெளிச்சத்தில், சிரித்துக்கொண்டு. ஒருத்தி இவளைப் பார்த்துக் கை அசைக்கிறாள். லியா சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். கறுப்பு. படத்தின் பெயர்.

அவர்களிடம் காசு கேட்பாளா மாட்டாளா? தொடக்கக் காட்சி இந்த மாதிரி ஒரு கேள்வியில் முடிய வேண்டும். குறும்படம்போல எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவது பல குழுக்கள் செய்யும் தவறு.

நடிகர்கள்

ஆண்ட்ரியா ஆர்னால்டின் குழு ‘ஃபிஷ் டேங்க்’ நாயகியை டில்பரி டவுன் ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தது. கேட்டி ஜார்விஸ் அப்போது தன் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முழு ஸ்கிரிப்ட் தரப்படவில்லை. கதை வரிசைப்படியே படமாக்கி, அந்தந்தப் பகுதியை அவ்வப்போது தந்தார்கள். லோச்சும் நெடுங்காலம் இப்படித்தான் செய்துவந்தார்.

உங்களுக்கும் இது முடியும். உங்கள் இரண்டு நிமிடத்தை வரிசைப்படியே எடுங்கள். லியாவாக நடிப்பவரிடம் கடைக்குப் போய்ச் சாவியில் பணம் ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ‘குறைந்தது ஐந்து பவுண்டு’ என்று எழுதிய தாளைக் கடைக்காரராக நடிப்பவர் முதல் டேக்கில்தான் காட்டட்டும். அந்த முதல் டேக்கில் கிடைக்கும் முகம் பத்தாவது டேக்கில் கிடைக்காது. ஆனால் ஒரு எல்லை: அவமானம், வலி, பயம் தரும் எதையும் சொல்லாமல் செய்யாதீர்கள், அதுவும் சிறுவர்களிடம். 18 வயதுக்குக் கீழ் யார் நடித்தாலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கி வையுங்கள்.

பேச்சு வழக்கை மாற்றச் சொல்லாதீர்கள். ‘கெஸ்’ படத்தின் பார்ன்ஸ்லி பேச்சு புரியாது என்று வெளிநாட்டுக்காகச் சில பகுதிகளை மறுபடி குரல் கொடுத்துச் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சுதான் படத்தின் உயிர் என்று கொண்டாடுகிறார்கள். உங்கள் கதை லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு தமிழ் வீட்டில் நடந்தால், அம்மா யாழ்ப்பாணத் தமிழில் கேட்க மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது அப்படியே இருக்கட்டும். சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம்.

அனுமதி, பாதுகாப்பு, வெளிச்சம்

குடியிருப்பு வளாகம் கவுன்சிலுக்கோ வீட்டுவசதிச் சங்கத்துக்கோ சொந்தம், பொதுத்தெரு அல்ல. இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். கடைக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில். பொம்மைத் துப்பாக்கியோடு தெருவுக்குப் போகவே கூடாது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அதை வைத்திருப்பது பிரிட்டனில் குற்றம், யாராவது பார்த்துவிட்டு அழைத்தால் ஆயுதம் ஏந்திய போலீஸ் வரும்.

டிசம்பர் வெளிச்சக் கணக்கு கடுமையானது. அந்தி நேரத்து ஷாட்டுக்கு உங்களுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் வெளிப்புறத்தை இரண்டு நாளாகப் பிரித்து, இரண்டு நாளும் மூன்றரைக்கு அதே இடத்தில் நில்லுங்கள். வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சமே விளக்கு. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் முகத்தின் நிழல் கொஞ்சம் இளகும்.

கேமரா

ஃபோன் போதும். ஆனால் தானியங்கி அமைப்புகளை எல்லாம் பூட்டுங்கள்: ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெள்ளைச் சமன் (நிறச் சரிசெய்தல்). பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 30 பிரேமில் விட்டுவிட்டால் கடையின் குழல்விளக்கு துடிப்பது படத்தில் தெரியலாம்.

கைக்கேமரா என்றால் ஆட்டம் என்று அர்த்தமில்லை. ‘கெஸ்’ ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் பெரும்பாலும் ஒதுங்கி நின்று, கண் மட்டத்தில், தூரத்தை அருகில் காட்டும் நீள லென்ஸில் பார்ப்பார். நடிகர்கள் கேமராவை மறந்து நடமாடுவார்கள். ‘ஃபிஷ் டேங்க்’கில் ராபி ரையன் மியாவின் முதுகை விட்டு விலகவே மாட்டார், கிட்டத்தட்டச் சதுரமான சட்டகம் அவளை இன்னும் நெருக்கும். இரண்டும் யதார்த்தம்தான். எதை எடுக்கிறோம், ஏன் என்று முடிவு செய்யுங்கள். லியாவுக்கு நான் வீட்டுக்குள் ஒதுங்கிய கேமராவும், வெளியே முதுகைத் தொடரும் கேமராவும் வைப்பேன். தம்பியை எடுக்கும்போது கேமரா அவன் உயரத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் பரிதாபம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒலி

மதிப்பெண் அதிகம் போகும் இடம் இது. ஃபோன் மைக்கை நம்பாதீர்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக்கோ, இன்னொரு ஃபோனை நடிகருக்குப் பக்கத்தில் மறைத்து வைப்பதோ பல மடங்கு மேல். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டுகளுக்கு இடையே உள்ள ஓட்டையை அதுதான் அடைக்கும்.

எங்கள் காட்சிக்கு ஃபிரிட்ஜ் சத்தம் உயிர்நாடி. அதைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதை அணைத்துவிட்டு வசனம் எடுங்கள். அணைக்கும்போது உங்கள் வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எடிட்டிங்கில் மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி மூன்றையும் அடுக்குங்கள். மின்சாரம் போகும் நொடியில் முதல் இரண்டும் நிற்க, பக்கத்து வீட்டு டிவி மட்டும் சுவர் வழியே தொடர்ந்து கேட்கட்டும். இருள் இந்த வீட்டில் மட்டும்தான் என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

இசை வேண்டாம். வேண்டுமென்றால் கோழிக்கடைக்குள்ளிருந்து வருவதாக இருக்கட்டும், அதுவும் உரிமைச் சிக்கல் இல்லாத பாட்டாக.

எடிட்டிங்கும் டைட்டிலும்

வசனம் முடிந்ததும் வெட்டாதீர்கள். முகம் மாறும்வரை பொறுங்கள். நிறத்தைக் குறைக்கும் ஆசை வரும், தொடாதீர்கள். கோழிக்கடையின் சிவப்பும் மஞ்சளும் முழுசாக இருந்தால்தான் லியா நிற்கும் தெரு இருட்டாகத் தெரியும்.

டைட்டில் எழுத்து எளிமையாக, சின்னதாக, வெள்ளையாக. தயாரிப்பு நிறுவனம், வழங்குவோர், முதன்மை நடிகர்கள் முதலில். பிறகு நடிகர் தேர்வு, கலை, எடிட்டிங், ஒளிப்பதிவு, தயாரிப்பாளர், எழுத்தாளர். இயக்குநர் பெயர் கடைசியில். இவற்றை முகத்தின் மேல் போடாமல் வராந்தாச் சுவரிலோ வானத்திலோ இடம் பார்த்து வையுங்கள். படமெடுக்கும்போதே அந்த இடத்தைக் காலியாக விட்டுச் சட்டகம் அமைத்தால் பிறகு திண்டாட வேண்டாம்.

ஒப்படைக்கும் முன் இரண்டு பேருக்குக் காட்டுங்கள். ஒருவர் கதை தெரியாதவர். அவரிடம் அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள், அந்த ஒன்று அறுபதைப் பற்றி அவராகப் பேசுகிறாரா என்று பாருங்கள். இன்னொருவர் அந்தக் குடியிருப்பில் வாழ்பவர். அவரிடம் எது இங்கே இப்படி இருக்காது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அந்த வாரமே போய்த் திருத்தி எடுங்கள்.